ஒன்பது இன்னிங்ஸ் வசவு

கிட்ரிட்ஜ் ஹெரான்ஸ் பேஸ்பால் அணியை வெர்னா கிளெம்முக்கு உயிருக்கு உயிராகப் பிடிக்கும். அதில் ஆடுகிற பையன்களில்தான் ஒருவனையும் பிடிக்காது. இருபத்தாறு வருஷமாக மூன்றாம் பேஸுக்குப் பின்னால், வலையை ஒட்டின முதல் வரிசையில் அதே இருக்கை. பெரிய லீகுக்குப் போகும் ஆசையோடு பத்தொன்பது இருபது வயதில் இந்தச் சின்ன ஊருக்கு வந்து இறங்கும் பையன்களை, பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவளின் கண்ணோடுதான் பார்ப்பாள். முதல் பேஸில் நிற்பவன் அரைவேக்காடு. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தைவிடத் தன் தலைமுடியைத்தான் அதிகம் தொடுகிறான். மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்ச்சர் குனிந்தால் நிமிர மனம் வராதவன். எல்லோரிலும் மோசம் பிட்சர் கோல்பி ரென். அவன் எறியும் பந்து எந்தப் பக்கம் போகும் என்பது அவனுக்கே தெரியாது.

"இவனை வீட்டுக்கு அனுப்புற வரைக்கும் நமக்கு விடிவு கிடையாதும்மா," என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள்.

ஊருக்குப் புதுமுகம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் பாதி தின்ற ஹாட் டாக். அதையே மென்றுகொண்டிருந்தாள். எதிராளி வாய் திறக்காவிட்டால் வெர்னாவுக்குக் கேட்கவா வேண்டும்?

"டேய் கோல்பி! பந்தை எறியுறியா, இல்ல தபால்ல அனுப்புறியா? எங்க ஸ்கூல் மூணாங்கிளாஸ் பொண்ணு உன்னைவிட வேகமா ரொட்டியை எறிவாடா!"

இப்படியே நான்கு இன்னிங்ஸ் போயிற்று. ஐந்தாவதில் அவள் கணவர் லைல் முழங்கையால் இடித்தார். பேசுவது அவருக்கு ஆகாது. பென்சிலால் ஸ்கோர் அட்டை நிரப்புவதோடு சரி. அந்த அட்டையை இப்போது நீட்டினார். எதிரணியின் வரிசையில் ஒரு அடிகூட இல்லை.

ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு அடிகூடக் கொடுக்காத பிட்சருக்கு அது ஆயுசுக்கும் பெருமை. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது. அதன் பெயரைச் சொன்னாலே போச்சு. யார் எதைச் செய்துகொண்டிருந்தார்களோ அதையே கடைசிவரை செய்ய வேண்டும். கிட்ரிட்ஜில் பாதிரியார்கூட இதை மீறமாட்டார். லைலுக்கு மூன்றாவது இன்னிங்ஸிலிருந்தே ஒன்றுக்கு முட்டிக்கொண்டிருந்தது. கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டார்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து உள்ளே போகும்போது கோல்பி நிமிர்ந்து பார்த்து, பக்கத்து இருக்கைக்காரியை நோக்கித் தொப்பியைத் தொட்டான்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பையனா?" என்றாள் வெர்னா.

"நான் பெத்த பையன்."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது வெர்னாவுக்கு. "ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சுடுங்க. இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்."

ரோண்டா என்கிற அந்த அம்மாள் வெர்னாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "வாயை மூடுனீங்க, அப்புறம் பாருங்க! அஞ்சு இன்னிங்ஸா நீங்க திட்டுறீங்க. அஞ்சு இன்னிங்ஸா அவனுக்கு... அவனுக்கு நல்லா இருக்கு. நாளைக்கு ரெண்டு பிட்சரை அணியை விட்டுத் தூக்கப் போறாங்க. அதுல தானும் ஒருத்தன்னு நேத்து போன்ல அழுதான். ஏழு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்திருக்கேன். திட்டுங்க!"

"உங்களை வச்சுக்கிட்டு எப்படிங்க..."

"இவ்வளவு நேரம் யாரை வச்சுக்கிட்டுத் திட்டுனீங்க?"

ஆறாவது இன்னிங்ஸ் தொடங்கியது. வெர்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "டேய் கோல்பி... கொஞ்சம் பார்த்துப் போட்டா என்னவாம்?"

"இதுக்குப் பேரு திட்டா?" ரோண்டா சீறினாள். "இது குசலம் விசாரிக்கிறது. முன்னாடி மாதிரி சொல்லுங்க."

வெர்னா முன்னைப் போலவே சொன்னாள். ஏழாவது இன்னிங்ஸில் கையிருப்பு தீர்ந்துபோய் அவன் காலுறையைத் திட்டினாள். எட்டாவதில் காதுக்கு வந்தாள். "அவ்வளவு பெரிய காதை வச்சுக்கிட்டு கோச் சொல்றது உனக்குக் கேக்கலையாடா?"

"காது அவங்க அப்பா பக்கம்," என்றாள் ரோண்டா, கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல். "அதை இன்னும் நல்லாவே திட்டலாம்."

தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும், பின்வரிசைக்காரர் தோளைத் தட்டினார்: "வெர்னா, நிறுத்திடாதீங்க."

திட்டுவதற்குக் குறை வேண்டுமே. குறை தேடி அவனை உற்றுப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் எந்தப் பையனையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் உள்ளங்கையை மூன்று முறை கால்சட்டையில் துடைத்தான். யாரும் பார்த்துவிடாதபடி அந்தக் கையைக் கையுறைக்குள் திணித்துக்கொண்டான். அப்படியும் பந்து போக வேண்டிய இடத்துக்கே போனது. வெர்னாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. வாய் வைதுகொண்டே இருக்க, உள்ளே அழுகை முட்டியது.

ஒன்பதாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். ஆட்டம் முடிய இன்னும் ஒருவன்தான் பாக்கி. மூன்று பந்தைத் தவறவிட்டால், அதாவது மூன்று ஸ்ட்ரைக் ஆனால், அவனும் அவுட். முதல் ஸ்ட்ரைக். அடுத்த பந்து பாதி வழியில் வளைந்து கீழே இறங்கியது. காற்றை வெட்டின வேகத்தில் மட்டைக்காரன் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது ஸ்ட்ரைக்.

வெர்னாவுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். "அப்படித்தான்டா என் தங்கமே! உன்னை மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததே இல்லடா!"

பின்வரிசைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கோல்பி ஒரு கணம் தலையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு எறிந்தான். பந்து நேராக, நடுவாக, அடித்துக்கொள் என்பதுபோலப் போனது. மட்டைக்காரன் அடித்தான். அது பிடிக்க ஓடிவந்த இரண்டு பேருக்கும் நடுவில் புல்லில் விழுந்தது. எதிரணிக்கு முதல் அடி.

லைல் பென்சிலைக் கீழே வைத்தார். இனிக் காத்திருக்கக் காரணமில்லை என்பதால் கழிப்பறையைப் பார்த்து ஓடினார்.

நானூறு பேர் வெர்னாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோண்டா மட்டும் பார்க்கவில்லை. "இன்னும் ஒரு ஆள் இருக்கான்," என்றாள், குரல் வறண்டிருந்தது. "திட்டுங்க."

கன்னத்தில் கண்ணீர் வழிய வெர்னா திட்டினாள். "மூளையை எங்கடா அடகு வச்ச, கழுதை! கையைத் தூக்கி எறிடா, சோம்பேறி!" மூன்றே பந்து. மூன்றும் ஸ்ட்ரைக். ஹெரான்ஸ் ஜெயித்தது.

கூட்டம் கலைந்த பிறகு கோல்பி வலைக்கு வந்தான். "கோச் சொல்லிட்டாரும்மா. என்னைத் தூக்கலையாம். அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான்தானாம்." ரோண்டா வலையில் முகத்தை வைத்து விம்மினாள். அவன் வெர்னாவின் பக்கம் திரும்பினான்.

"நீங்கதானே அது?"

வெர்னா தலையாட்டினாள்.

"ஏப்ரல்லேருந்து உங்க குரல் கேக்குது. பழகிப்போச்சு. இன்னைக்குத் திடீர்னு தங்கம்னீங்களா... வேற யாரையோ சொல்றீங்கன்னு திரும்பிப் பார்த்தேன். அதுல கை ஆடிப்போச்சு."

உன்னைத்தான்டா என்று சொல்ல வெர்னா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது. ஒன்பது இன்னிங்ஸ் வைததில் தொண்டை முழுக்கப் போயிருந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று.

கோல்பி தொப்பியைக் கழற்றிவிட்டு வலைக்கு இன்னும் நெருங்கி வந்து குனிந்தான்.

"மெதுவாச் சொல்லுங்க," என்றாள் ரோண்டா. "அவனுக்கு ஒண்ணும் அவசரமில்ல."