பதினைந்து வளைவும் ஆலிஸின் ஜெபமாலையும்

“…வித்துத் தொலைக்கச் சொல்லுங்க அண்ணி! நாப்பத்தெட்டு வயசுல அண்ணனுக்கு ரேஸ் கேக்குதா?”

“ரேஸ் இல்ல கிளாரிஸ். டிராக் டே. யாரையும் முந்த வேணாமாம், சும்மா ஓட்டுறதுதானாம்.”

“சும்மா ஓட்டித்தானே மழையில சறுக்கி லோங்காங் சாக்கடையில எறங்குனாரு? நெத்தியில ஏழு தையல். மறந்துட்டீங்களா?”

“மறக்கல. அதுக்குத்தானே காடியில ஜெபமாலையக் கட்டி வச்சிருக்கேன். அது கண்ணாடியில தொங்குற வரைக்கும் காடி இருக்கும். கழட்டுன அன்னிக்கு வித்துடணும். மாதா படத்துக்கு முன்னாடி நின்னு உங்கண்ணன் ஒத்துக்கிட்டது.”

“நல்லா நம்புறீங்க லா!”

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில், முதல் மாடிச் சமையலறையிலிருந்து வந்தது அந்தச் சண்டை. சரியாக அதற்குக் கீழே நின்ற ஸ்டார்லெட் காருக்குள் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார் ஹென்றி. தங்கச்சி கத்துவதும் மனைவி பதில் சொல்வதும் ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தன. ஆனாலும் ஆள் பாதி இங்கே, பாதி செப்பாங்கில். நாளைக் காலையில் அந்தப் பந்தயத் தடத்தில் முதல் முறையாக ஓட்டப்போகிறார். கொடிமலையிலிருந்து இறங்கிய மூட்டம் முன்கண்ணாடியில் படிந்து, கார் நிறுத்தும் இடத்தையே மறைத்திருந்தது. மறைந்த இடத்தில் அவர் கண்ணுக்கு மட்டும் தார் ரோடு ஒன்று வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

செப்பாங்கில் பதினைந்து வளைவுகள். ஹென்றி வீடியோ பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணியும், ஐந்தைத் தாண்டினால் எல்லாம் குழம்பிவிடும். ஒரு சாயங்காலம் ஆலிஸ் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். மணிகளை உருட்டும்போது தியானிக்கிற நிகழ்ச்சிகள்தான் தேவரகசியங்கள்: சந்தோஷம் ஐந்து, துக்கம் ஐந்து, மகிமை ஐந்து. இப்போது இன்னும் ஐந்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஆலிஸ் சின்ன வயதில் படித்த பதினைந்தோடு நின்றுவிட்டவள். கேட்டுக்கொண்டிருந்த ஹென்றிக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரு தேவரகசியத்துக்கு ஒரு வளைவு! முதல் வலது திருப்பம், தூதர் மாதாவுக்குச் சொன்ன மங்கள வார்த்தை. ஒன்பதாவது, மேட்டில் ஏறி இடது பக்கம் சுருண்டு திரும்பும் மெதுவான வளைவு. அது சிலுவை சுமப்பது. பதினைந்தாவது மாதாவுக்கு முடிசூட்டுவது. அதற்குப் பிறகு ஒரு வளைவும் மறக்கவில்லை.

கார் தொண்ணூற்று நான்காம் வருடத்து டர்போ ஸ்டார்லெட். பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையில் வாங்கும் டெக்னிசியன் சம்பளத்தில் அதைத் தேற்ற இரண்டு வருஷம் ஆனது. ஹென்றிக்கு முதலில் பெரிய டர்போ மேல்தான் ஆசை. ஜுருவில் பட்டறை வைத்திருக்கும் சதீசன் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“ஓடுறது அப்புறம்ணே, மொதல்ல நிக்கணும். பிரேக்க பாருங்க,” என்றான்.

அப்படியே பிரேக் பேட், பிரேக் ஹோஸ், சூட்டில் கொதிக்காத பிரேக் ஆயில். பழைய ஜப்பான் கார்களை வெட்டி விற்கும் கடையில் ஒரு ஆயில் கூலரும், ஓரம் கிழிந்த பந்தய சீட்டும் கிடைத்தன. டர்போவில் கை வைக்கவில்லை. சீட்டின் கிழிசலை ஆலிஸ்தான் தைத்துக் கொடுத்தாள், முணுமுணுத்துக்கொண்டே.

ஞாயிறு காலை, செப்பாங். சதீசனும் கூட வந்திருந்தான். தடத்தில் இறங்குமுன் ஒவ்வொரு காரையும் பரிசோதிக்கிறார்கள். ஃபாத்தின் என்ற பெண் டயரைத் தட்டினாள், பெல்ட்டை இழுத்தாள், பேட்டரியை ஆட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவள் நின்றாள்.

“அபாங், யாங் இத்து புக்கா டுலு லா.”

அண்ணே, முதலில் அதைக் கழற்றுங்கள் என்கிறாள். அவள் விரல் கண்ணாடியில் தொங்கிய மாலையைக் காட்டியது. காருக்குள் ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஹென்றி எட்டி மாலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் ஒவ்வொரு ஆணியாக யோசித்த மனுஷன், இதை மட்டும் யோசிக்கவில்லை.

“கழட்டி பையில போடுங்கண்ணே,” என்றான் சதீசன். “அக்கா இங்க சிசிடிவியா வச்சிருக்காங்க?”

“கழட்டுனா காடிய விக்கணும்டா. வாக்கு குடுத்திருக்கேன்.”

“யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

ஆலிஸுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் போனைத் தொடமாட்டாள் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டார். முதல் குழுவின் கார்கள் ஒவ்வொன்றாகத் தடத்தில் இறங்கின. ஹென்றி சுவரோரம் சாய்ந்து நின்றார். சத்தம் தூரத்தில் தேய்ந்து, மேட்டுக்குப் பின்னால் போய், வேறு திசையிலிருந்து திரும்பி வந்தது. கண்ணை மூடினால் எந்தக் கார் எந்த வளைவில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இதோ ஏழாவது, கல்தூண். இதோ எட்டாவது, முள்முடி. எல்லாரும் அவருடைய மாலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வெளியே.

பத்து மணிக்கு மேல் போன் அலறியது.

“என்னங்க ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி? கை கால் இருக்கா?” ஆலிஸ் அழுதுகொண்டிருந்தாள். “ஏழு மிஸ்ட் கால்! பூச முடிஞ்சு போனப் பாத்ததும் எனக்கு உசுரே போயிருச்சு. கோயில் வாசல்ல உக்காந்துட்டேன்.”

“ஆலிஸ், ஆலிஸ். எனக்கு ஒண்ணும் இல்ல. காடி இன்னும் எறங்கவே இல்ல.”

“அப்புறம் எதுக்கு ஏழு தடவ?”

“மாலைய கழட்டச் சொல்றாங்க. ஒன்னக் கேக்காம எப்படி?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, நம்பமுடியாமல், சிரிப்பு.

“இதுக்கா? லூசு மனுஷா, இதுக்கா என்னைக் கொன்னீங்க?”

“சரி, வேணாம்னா இப்படியே திரும்பி வந்துர்றேன்.”

“அவ்ளோ தூரம் போயிட்டு? இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கழட்டுங்க. சட்டப் பையில போட்டு பட்டனப் போடுங்க. நான் இங்கயே உக்காந்து ஜெபமாலை சொல்றேன்.”

ஆலிஸ் சிவப்பு நூலில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தாள். சதீசன் கத்தியை நீட்டினான். ஹென்றி வாங்கவில்லை. சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு முடிச்சாக நெம்பி அவிழ்த்தார். ஃபாத்தின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஆனால் காத்திருந்தாள்.

ஸ்டார்லெட் தடத்தில் இறங்கியது. ஹெல்மெட்டுக்குள் அவருடைய மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. மங்கள வார்த்தையில் திரும்பினார். பெரிய கார்கள் காற்றைப் போலக் கடந்துபோயின. அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. வெயிலில் தார் தண்ணீர் போல மினுங்கியது. அதன் மேல் கார் மிதப்பதுபோல் இருந்தது. ஒன்பதாவதில் பிரேக்கை மிதித்தார். சொன்ன இடத்தில், சொன்னபடி நின்று திரும்பியது. சட்டைப் பையில் மணிகள் நெஞ்சோடு அழுந்தின. ஆயர் ஈத்தாம் கோயில் பெஞ்சில் ஒரு பெண் இதே வளைவில், இதே மணியில் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. பதினைந்தாவதில் திரும்பியபோது இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள்.

ஆறு சுற்று. ஒரு கீறல் இல்லை.

மறுநாள் ஆலிஸ் சிவப்பு நூலோடு கீழே இறங்கி வந்து, மாலையை மறுபடி கண்ணாடியில் கட்டினாள்.

“இந்த ஒரு தடவ மன்னிப்பு. அடுத்த தடவ கழட்டுனீங்க, ஜுருவுல வித்துட்டு பஸ்ல வீட்டுக்கு வாங்க.”

“ஆடக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுதே.”

“அப்ப ஆடாம மாட்டுங்க. ரெண்டு வருஷமா என்னென்னமோ மாட்டுனீங்க, ஒரு மாலைய மாட்டத் தெரியாதா?”

ஆகஸ்ட்டில் மறுபடி செப்பாங் போகவேண்டும். ஹென்றி டேப் ஒட்டிப் பார்த்தார், வெயிலில் இளகிவிடுகிறது. பசை போட ஆலிஸ் விடமாட்டாள். சதீசன் கூரையைத் தாங்கும் உள்கம்பியில் இறுக்கிக் கட்டலாம் என்கிறான். பரிசோதனையில் விடுவார்களா தெரியவில்லை. சாமி மாலை, படம் எதுவானாலும், ஆடாமல் பொருத்தி டிராக்கில் இறங்கியவர்கள் யாராவது இருந்தால், எங்கே, எப்படிக் கட்டினீர்கள் என்று இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் அதையும் போடுங்கள்.