கழிசல் கூலி

"பட்டப்பகல்ல என்னடி கதவைச் சாத்திக்கிட்டு? உள்ளே நோட்டு அச்சடிக்கிறியா?"

வெளியே நின்று கூப்பிட்டது நாத்தனார். மீன் இறங்குதுறையில் அவளுக்கு 'வெண்கலம்' என்றே பேர். அவள் தொண்டையைத் திறந்தால் கடலில் நிற்கிற படகுக்கும் கேட்கும்.

உள்ளே உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தவள் அவள் தம்பி பெண்டாட்டி, துறையில் பேர் 'வலைக்காரி'. காலுக்கு மேல் விரித்திருந்த வலைத்துண்டை அப்படியே சுருட்டிப் பாய்க்கு அடியில் தள்ளினாள். அவசரத்தில் ஊசி விரலில் ஏறியது. வாயைத் திறந்து கத்தக்கூடப் பயம்.

"தலைவலி அண்ணி. வெளிச்சம் கண்ணைக் குத்துது."

"தலை வலிச்சா தைலத்தைத் தடவு. கதவு என்ன பாவம் பண்ணுச்சு? திற, கொஞ்சம் உப்பு குடு."

கதவை ஒருக்களித்துத் திறந்து உப்பு டப்பாவையே தூக்கிக் கொடுத்தாள். நாத்தனார் டப்பாவைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி இது? முகத்துல ரத்தமே இல்ல. படகு வர்ற அன்னிக்கு நீ பிரிக்க வராதே. படுத்துக் கிட. உன் பங்குக் கழிசலையும் நானே அள்ளிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதவில் சாய்ந்து நின்ற வலைக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் வயிற்றில் மண்ணள்ளிப் போடப்போகிறோமோ, அவளே வந்து பரிந்து பேசிவிட்டுப் போனால் மனசு தாங்குமா?

இறாலுக்கென்று வலையை இழுத்தால் இறால் மட்டுமா வரும்? விரல் நீளம்கூட வளராத மீன்குஞ்சு, நண்டுக்குஞ்சு, நகமளவு இறால்பொடி எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். விலைக்குப் போகாத அந்தக் குவியலுக்குப் பேர்தான் கழிசல். படகு கரை சேர்ந்ததும் பெண்கள் குந்தியிருந்து கழிசலை ஒதுக்கி, இறாலைப் பெருசு, நடு, சிறுசு என்று கூடை கூடையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இடுப்பு ஒடியும். இறாலின் கொம்பு குத்திக் குத்தி விரல் சீழ் வைக்கும். அதற்குக் கூலி? மூச்! 'கழிசலை எடுத்துக்குங்க' என்பதுதான் கூலி. அதைக் கோழித் தீவனக்காரன் வந்து வாங்கிப் போவான். இந்த ஏற்பாட்டை எந்த மகராசன் செய்தான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அத்தனை படகிலும் இதுதான் வழக்கம். ஆண்பிள்ளை ஒரு கூடையைத் தூக்கி இறக்கினாலும் காசு. பெண்பிள்ளைக்குக் குப்பை.

அந்தக் குப்பையில்தான் நாத்தனாரின் அடுப்பு எரிந்தது. புருஷன் போனபிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த வாரமே பின்பக்கம் தனி அடுப்பு போட்டுக்கொண்டாள். "எனக்குக் கை இருக்கு. தம்பி சோத்தை எதிர்பார்த்துக் கிடக்க மாட்டேன்" என்று சொன்னவள், சொன்னபடியே இருந்தாள்.

முந்தாநாள்தான் படகு முதலாளி வீடு தேடி வந்தார். வலைக்காரியின் தையல் அவ்வளவு பேர் போனது. தைத்த கூலியை மட்டும் அவள் புருஷன் கையில் கொடுப்பார், அது வேறு கதை.

"வலையோட கடைசியில, மீன் வந்து சேர்ற பின்மடியில, மேல்பக்கமா, சதுரக்கண்ணு வெச்சு ஒரு ஜன்னல் தைக்கணும். சாதாக்கண்ணு இழுக்க இழுக்க மூடிக்கும். சதுரக்கண்ணு மூடாது. பொடிப்பொடியா இருக்கறதெல்லாம் அது வழியா வெளியே ஓடிடும். சுத்தமான இறால்தான் வேணும்னு இறால் வாங்கற கம்பெனிக்காரன் ஒத்தக்கால்ல நிக்கிறான்" என்றார் முதலாளி. கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "பிரிக்கிற பொம்பளைங்க காதுக்கு இது போகக் கூடாது. போச்சுன்னா, நீங்க இருக்கற என் ரூமை நான் வேற ஆளுக்கு விட வேண்டியிருக்கும்."

அவள் புருஷன் அந்தப் படகில்தான் வேலை பார்த்தான். "நல்ல காரியம்தானே? குஞ்சு தப்பிச்சா வளர்ந்து நம்மகிட்டதான் வரும்" என்றான்.

"அது எனக்குத் தெரியாதா? துடிக்கத் துடிக்கக் குஞ்சை அள்ளிக் கூடையில போடறவ நான்தானே! அண்ணிக்கு என்ன வழி, அதைச் சொல்லுங்க."

"எங்க அக்காவுக்கு ஒரு வாய் சோறு நான் போட மாட்டேனா?"

"நீங்க போடுவீங்க. அவங்க சாப்பிடுவாங்களா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவள் பயந்து பயந்து தைத்து முடித்தாள். ஒரு கண்கூடக் கோணவில்லை.

படகு போன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வலை எதிலாவது மாட்டிக் கிழிந்து தொலையட்டும் என்று நினைப்பாள். ஐயோ, கடலுக்குப் போனவன் நம்ம புருஷனாச்சே என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நாத்தனார் பின்பக்கம் பாத்திரத்தை உருட்டினால்கூடத் தன்னைக் கூப்பிடுகிறாளோ என்று திரும்பிப் பார்ப்பாள். சொல்லிவிடலாம் என்று எழுந்து போவாள். "என்னடி?" என்பாள் நாத்தனார். "ஒண்ணுமில்ல அண்ணி" என்று திரும்பிவிடுவாள்.

ஒரு காலையில் படகு வந்தது. பெண்கள் காலிக் கூடைகளோடு வரிசையாகக் குந்தியிருந்தார்கள். வராதே என்று நாத்தனார் சொன்னதையும் மீறி வலைக்காரி வந்து ஓரமாக உட்கார்ந்தாள். ஆட்கள் பெட்டி பெட்டியாக இறக்கித் தரையில் கொட்டினார்கள். கொட்டியது அத்தனையும் இறால். பளபளவென்று, நசுங்காமல், தேறின இறால். கழிசல் என்று ஒதுக்கினால் ஒருத்தி முந்தானையில் முடிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

கம்பெனி வண்டிக்காரர் முகமெல்லாம் பல். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா! இனிமே உங்களுக்கும் பாதி வேலை மிச்சம். சீக்கிரம் தரம் பிரிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

பெண்கள் தங்கள் காலிக் கூடைகளைப் பார்த்தார்கள்.

"கழிசல் எங்கே?" என்றாள் நாத்தனார். வெண்கலம் அன்றைக்கு மெதுவாகத்தான் பேசியது.

"வரலியே. வலையை மாத்தியாச்சு."

"யாரு மாத்தினது?"

முதலாளியின் பார்வை வலைக்காரி மேல் வந்து நின்றது. வாயைத் திறந்தாயோ என்கிற பார்வை. படகு மேல் நின்ற புருஷன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இப்போது சொல்லாவிட்டால் இனி எந்த ஜன்மத்திலும் அண்ணி முகத்தைப் பார்க்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

"நான்தான் அண்ணி தைச்சேன்."

அறை விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விழவில்லை.

"அன்னிக்குக் கதவைச் சாத்தினது இதுக்குத்தானா?"

"ஆமா அண்ணி."

நாத்தனார் எழுந்து போய், இறக்கிப் போட்டிருந்த வலையைப் பிரித்து அந்த ஜன்னலை விரலால் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"தையல் நல்லாத்தான் இருக்கு. குஞ்சு தப்பிச்சா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா எங்க கூலி அதுலதானே இருந்துச்சு? கழிசல் இல்லேன்னா காசாக் குடுங்க."

"காசா! பொம்பளைங்களுக்குக் காசு குடுத்தா மத்த படகுக்காரனெல்லாம் என்னை உயிரோட விடுவானா? வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?" முதலாளி மோவாயைச் சொறிந்தார். "சரி, உங்க பொல்லாப்பு எனக்கு எதுக்கு? ஏம்மா, அந்த ஜன்னலை அடைச்சுத் தைச்சுடு. பழையபடி கழிசல் வரட்டும், பழையபடி அள்ளிட்டுப் போங்க. வேற கம்பெனியைப் பாத்துக்கறேன்."

கேட்டீர்களா நியாயத்தை! கடலில் இருக்கிற குஞ்சு குளுவானெல்லாம் சாகட்டும், நல்ல விலை போனாலும் போகட்டும், பெண்பிள்ளை கையில் மட்டும் காசு போய்விடக் கூடாது.

"தைச்சுடு அக்கா" என்றாள் வரிசையில் ஒருத்தி, பாவம், பயந்துபோய். வலைக்காரிக்கும் தைத்துவிடலாம் என்றுதான் ஆசை. தைத்தால் ரூம் தப்பும், எல்லாம் பழையபடி ஆகும். ஊம் என்று ஒரு சொல் போதும். அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் இரண்டு கையையும் மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தைக்க மாட்டேங்க" என்றாள் வலைக்காரி. அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "பிரிக்கவும் மாட்டேன்."

அவளும் கையை மடக்கிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் மடக்கினாள். அப்படியே வரிசை முழுக்க.

வெயில் ஏறியது. ஐஸ் உருகி ஓடியது. வண்டிக்காரர் ஹாரனை அமுக்கினார். முதலாளி திட்டிப் பார்த்தார், ரூமைக் காலி பண்ணு என்று கத்திப் பார்த்தார். கடைசியில் படகு ஆட்களைப் பார்த்து, "ஏன்டா மரம் மாதிரி நிக்கிறீங்க? இறங்கி வந்து பிரிங்கடா!" என்றார்.

ஆட்களில் ஒருவன் தலையைச் சொறிந்தான். "அது எங்க வேலை இல்லையே முதலாளி. தனியா ஏதாவது கூலி..."

"தர்றேன்டா, தர்றேன்! ஆளுக்கு அரைநாள் கூலி. முதல்ல உக்காருங்க!"

நாத்தனார் சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து வந்த அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பக்கத்துப் படகுப் பெண்களெல்லாம் கழிசலை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

"கேட்டியாடி? இந்த வேலைக்குக் கூலி இருக்காம்டி! நம்ம கைக்குத்தான் இல்லையாம்!"

ஆண்கள் குந்தினார்கள். வலைக்காரியின் புருஷனும் யாரையும் பார்க்காமல் வந்து குந்தினான். ஒரு இறாலை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினான். கொம்பு குத்தி விரலை உதறிக்கொண்டான். பெரிய கூடை, நடுக்கூடை, சின்னக் கூடை மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அவள் பக்கம் திரும்பினான்.

"ஏ, இது எந்தக் கூடைல போடணும்?"

நடுக்கூடை என்பது அவள் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ராத்திரி படுக்க ரூம் இருக்குமோ இருக்காதோ என்ற பயமும் இன்னும் போகவில்லை.

"கூலி வாங்கறவங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியணும்" என்றாள்.