முழுகாதவள் பங்கு

எண்ணூர்க் கழிமுகத் தண்ணீருக்கு இரண்டு சூடு. மேலே வெயில் காய்ச்சிய சூடு, கீழே ஆலைக் குழாய் கக்கிய சூடு. இரண்டுக்கும் நடுவில் கழுத்தளவு அமிழ்ந்துகொண்டு சாரா கனவு கண்டாள். வேறென்ன செய்வாள், பாவம்? ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற வேலை. வாய் திறந்தால் பறி போய்விடும். ஊரில் அதை முழுகப் போவது என்பார்கள்.

கனவில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். புகைபோக்கிகள் தண்ணீருக்குள் தலைகீழாய் நிற்க, அவற்றுக்கு நடுவே ஒரு குழந்தை நடந்து வரும். முகம் தெரியாது. சின்னக் கை மட்டும் அவள் விரலைப் பிடிக்கும். குனிந்து பார்த்தால் இறால்.

இரண்டு தடவை அந்தக் கை நழுவிப் போயிருந்தது. இரண்டும் கோடையில்தான். இப்போதெல்லாம் பங்குனியிலேயே கத்திரி வெயில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறதே, வெட்கங்கெட்ட விருந்தாளி! வயிற்றில் பிள்ளையோடு சுடுதண்ணீரில் நிற்காதே என்று ஆஸ்பத்திரி நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். நிற்காவிட்டால் உலை எப்படிக் கொதிக்கும்? புருஷன் மேத்யூவுக்குத் துறைமுகக் கிடங்கில் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை.

இப்போது மூன்றாவது தடவை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதென்று அவள் மேத்யூவிடம்கூட மூச்சு விடவில்லை. இதுவும் நழுவினால் தன்னால் எழுந்திருக்க முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று பிற்பகல் மாதா கோயில் பந்தலில் கூட்டம். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஃபவாஸ் என்றொரு பிள்ளை வந்திருந்தான், ஏதோ அறக்கட்டளைக்காரன். வெயில் ஏற ஏறப் பெண்களின் கர்ப்பப்பை படும் பாட்டுக்கு ஊர்ப் பெண்களே ஒரு வழி செய்தால், அதற்குப் பணம் தருவார்களாம். என்ன வழியென்று ஊர்தான் சொல்ல வேண்டுமாம். ஒருத்தி கரையில் கக்கூஸ் என்றாள். ஒருத்தி நிழலுக்குக் கொட்டகை என்றாள். இன்னொருத்தி லேடி டாக்டர் வண்டி என்றாள். ஊர்ப் பெண்கள் சங்கத் தலைவி வியாகுலம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எல்லாம் வேண்டியதுதானே?

சாரா பின்னால் கம்பத்தில் சாய்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் கண் சொக்கியது. குளிர்ந்த தண்ணீர், தலைகீழ்ப் புகைபோக்கி, நடந்து வரும் குழந்தை.

வெயில் தாங்காமல் வேலையை விட்டவர்கள் யார் யாரென்று ஃபவாஸுக்குத் தெரிய வேண்டியிருந்தது. காலையில் கற்றுக்கொண்ட ஊர்ச்சொல் நாக்கில் புதிதாய் இருந்தது. அதையே போட்டுக் கேட்டான்.

“உங்கள்ல யாரெல்லாம் இப்ப முழுகாம இருக்கீங்க?”

பந்தலே குலுங்கியது. கல்யாணம் ஆகாத பிள்ளை, பிள்ளையுண்டாகியிருப்பது யார் யாரென்று சபையில் கேட்கிறான்! வண்ணாரப்பேட்டையிலும் அந்தச் சொல்லுக்கு அதே அர்த்தம்தான். கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அதையெல்லாம் பொஞ்சாதி வந்த பிறகு அவளிடம் கேட்டுக்கொள் நைனா என்று ஒருத்தி வாரினாள். அவன் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

சிரிப்பு திடீரென்று நின்றது. சாராவின் கை மேலே இருந்தது.

கனவில் குழந்தைக்கு நீட்டிய கை அது. கண் திறந்ததும் வெடுக்கென்று இறக்கிக்கொண்டாள். எல்லோரும்தான் பார்த்துவிட்டார்களே. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வியாகுலம்மாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காலைல கூட முழுகினேன்க்கா,” என்றாள் சாரா.

யாரும் சிரிக்கவில்லை. நானும் அப்படித்தான் ஒன்றைப் பறிகொடுத்தேன் என்று மூலையில் ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னொருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எழுதிக்க தம்பி,” என்றாள் வியாகுலம்மாள். “முழுகாம கீறவ, முழுகாம இருக்கணும். அவ வூட்ல அடுப்பு எரியணும். துட்டு அதுக்குத்தான். மத்ததெல்லாம் பொறவு.”

ஃபவாஸ் எழுதிக்கொண்டான். கட்டாயம் சண்டை போட்டு வாங்குவேன், ஆனால் மழைக்கு முன்னால் வருமென்று பொய் சொல்ல மாட்டேன் என்றான்.

“அது வர்றப்ப வரட்டும்,” என்றாள் வியாகுலம்மாள். “ வயிறு காத்துகினு இருக்காது.”

மறுநாள் காலை சாரா பழக்கதோஷத்தில் பறியோடு கரைக்கு வந்தாள். வியாகுலம்மாள் அதை அவள் கையிலிருந்து பிடுங்கி மணலில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். பெண்கள் ஒவ்வொருவராய் அமிழ்ந்தார்கள். ஆவியும் புகையுமாய்க் கிடந்த வெளியில் தலைகள் மட்டும் மிதந்தன. சாராவுக்கு அது இன்னொரு கனவுபோல் இருந்தது.

கரையேறியவர்கள் வாயில் பறியோடு, பேச முடியாமல் வந்தார்கள். ஆளுக்கொரு கைப்பிடி இறாலை அள்ளி மணலிலிருந்த பறியில் போட்டுவிட்டுப் போனார்கள். சாராவின் வாயில் பறி இல்லை. ஆனாலும் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

கடைசியாக வந்த வியாகுலம்மாள் வாயிலிருந்து பறியை எடுத்துவிட்டு, மேத்யூவிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். இல்லையென்று சாரா தலையாட்டினாள். ஊருக்கே தெரிந்தாயிற்று, கட்டினவனுக்குத் தெரியாதா, நேரே வீட்டுக்குப் போ என்று அவள் விரட்டினாள்.

சாரா நிழல் பார்த்து நடந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: நான் முழுகாம கீறேன். முன்பும் இரண்டு தடவை அவனிடம் சொன்ன சொல்தான்; சொல்லிவிட்டு மறுநாளே முழுகப் போனாள். இந்தத் தடவைதான் அது உண்மை.