ஒல்லாந்துத் தனிப்படம்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். பெண்சாதியின் தோளில் கைபோட்டுப் படம் வரைவித்தார்கள் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை மொன்றியலில், பிரெஞ்சு வகுப்போடு அருங்காட்சியகத்துக்குப் போனபோதுதான் கண்டேன். நானூறு வருடமாக ஒரு மனுசன் வெட்கமில்லாமல் தன் மனைவியைப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

"எங்கடை வெள்ளி விழாவுக்கு இப்பிடி ஒரு படம் எடுப்பமோ?" என்று யோகேந்திரனிடம் கேட்டேன். என் புருசன் இருபத்தைந்து வருடத்தில் ஒருநாளும் நாலு பேர் பார்க்க என்னைத் தொட்டதில்லை.

"படத்திலை தொடுறதோ? சனம் என்ன கதைக்கும்?"

அந்தக் காலத்தில் புருசனையும் பெண்சாதியையும் வெவ்வேறு பலகையில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவதும் உண்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனுசன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கறுப்புப் பின்னணி, கோப்பி வடிக்கும் காகிதத்தில் செய்த வெள்ளைக் கழுத்துப்பட்டி, ஆளுக்கொரு சட்டம் என்று படம் எடுப்பித்தோம். விழா நாளன்று என்னுடையது மட்டும்தான் கடையிலிருந்து வந்தது. பியர்பொன்ட்ஸ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டு ஹோலில் அதைத் தனியே மாட்டினார். தமிழர் வீட்டுச் சுவரில் ஓராள் தனியே தொங்கினால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

நான் பேஸ்மென்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் மேல்மாடியில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கலியாணத்தைப் பேசி முடித்த நடராசா அண்ணைதான் முதலில் வந்தார். நாங்கள் மாற்றிக்கொள்ளவென்று தான் கொண்டுவந்த மாலைகளில் ஒன்றை எடுத்துப் படத்துக்குப் போட்டாராம். பின்னால் வந்த அயல்வீட்டுத் திரேசம்மா குரலெடுத்து அழத் தொடங்கினார். சத்தம் கேட்டு இறங்கிவந்த என் புருசன், மாலையைக் கண்டதும் நான் அடுப்படியில் விழுந்து செத்தே போனேன் என்று நம்பிவிட்டார்.

நான் வடைத்தட்டோடு மேலே வந்தபோது ஹோல் நிறையச் சனம்.

"ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். அங்கே என் புருசன் அத்தனை பேர் முன்னாலும் என் படத்தின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

"கண்ணாடியைத் தடவுறியள்! நான் இஞ்சை நிக்கிறன்!"

அவர் திரும்பினார். நம்பவில்லை. நடராசா அண்ணைக்கும் சந்தேகம்.

"தம்பி, எதுக்கும் ஒருக்காத் தொட்டுப் பாரும்."

அவர் ஒரு கையை என் கன்னத்தில் வைத்தார்.

"சூடாயிருக்கு, அண்ணை."

"அது அடுப்புச் சூடாயும் இருக்கும். வடிவாப் பாரும்."

அவர் மற்றக் கையையும் வைத்தார். இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.