கழற்றாத ஃபியூஸ்

தீர்ப்பு வந்த அன்று என் மகன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். "அப்பா, விடுதலை! வக்கீல் பிச்சு உதறிட்டாரு."

நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

நாங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள். என் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரும்புக்கயிறு நைந்திருந்தால், அது யாருடைய லிஃப்ட் என்று பார்க்க மாட்டோம். ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கட்டடத்தை விட்டு இறங்குவோம். திட்டுவார்கள். திட்டட்டும்.

வழக்கு வந்தது இப்படித்தான்: எங்கள் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோன ஒரு கட்டடத்துக்கு, அங்கே விட்டிருந்த தன் கருவிப்பெட்டியை எடுக்கப் போனான் மகன். கயிறு இழை பிரிந்திருப்பதைப் பார்த்தான். காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டான். மறுநாள் லிஃப்ட் விழுந்தது. அங்கே கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கு ஒரு கால் போயிற்று. ஒப்பந்தம் இல்லாதவனுக்குக் கடமையும் இல்லை என்று சொல்லிவிட்டது நீதிமன்றம்.

"அந்தம்மாவைப் போய்ப் பாத்தியா?"

"பாக்கக் கூடாதுன்னு வக்கீல் சொன்னாரு. தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்."

"அது கேஸ் நடந்தப்போ. இப்ப?"

"கோர்ட்டே விட்டுடுச்சு, நீங்க விட மாட்டேங்கிறீங்களே! ஜட்ஜுக்கு மேல பெரிய ஜட்ஜா நீங்க?"

"இந்த வீட்டுக்கு நான்தான்டா. அவங்க முகத்தப் பாத்துட்டு வா. அதுவரைக்கும் என்கூட உக்காந்து சாப்பிடாத."

மாலையே மனைவியை அழைத்துக்கொண்டு வேறு வீடு போய்விட்டான். மருமகள் மட்டும் வாசலில் திரும்பி, "மாமா, மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல இருக்கு" என்றாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானே போனேன். அந்தப் பெண் ஊன்றுகோலுடன் கதவைத் திறந்தாள்.

"யாரு நீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்கோட அப்பா."

எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். "அவரு வரலையா? கேஸ்தான் முடிஞ்சிடுச்சே பெரியவரே, இன்னும் என்ன பயம்?"

நிமிர்ந்தே நடந்து பழகியவன் நான். அந்த வாசலில் என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு எடுத்தேன். ஒன்றைத் திரும்ப வைத்தேன். போனில் கெஞ்சினால் மகன் போவான். ஆனால் அது எனக்காகப் போனதாகும், அவளுக்காக அல்ல. அதட்டியதே போதும்.

மகன் வருகிறானா என்று பார்த்திருக்கக் கூடாதென்று, வாசல் கண்ணில் படாதபடி திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன்.