ஒரு வயிற்றுக்கு இரண்டு டிக்கெட்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காலை மடக்கினாலும் சரி, நீட்டினாலும் சரி. திரைச்சீலையோடு சேர்த்துத் தன்னையே தைத்துக்கொண்ட ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அவளே சிரித்தவள்தான்.

அவள் திரைச்சீலை தைக்கிறவள். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் இயந்திரம், சுவரோரம் ஆளுயரத் துணிச் சுருள்கள், தரையெங்கும் நூல் துணுக்குகள். அவளுக்குப் பதினைந்து வயதில் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போன ஆள் மாதிரி. அன்றிலிருந்து ஊசி. ஊசிக்குப் பிறகு பம்ப். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயின் மறுமுனை வயிற்றுத் தோலுக்குள்.

பெட்டி சாது. குழாய்தான் வம்பு பிடித்தது. கதவுக் கைப்பிடி, மேசை இழுப்பறை, நாற்காலியின் கை, எதைக் கண்டாலும் போய்க் கட்டிக்கொள்ளும். ஒருமுறை அவள் கணவனின் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். எந்தச் சிக்கலையும் நிமிடத்தில் பிரிப்பவன். அன்றைக்கு மட்டும் அவசரமே படவில்லை.

"இப்படி ஒட்டிக்கிட்டு நின்னு எவ்வளவு நாளாச்சு!" என்று வழிந்தான்.

"பால் பொங்குது, பிரிங்க!" என்றாள்.

அப்புறம்தான் அந்தத் தையல் நடந்தது. பெரிய கூடத்துக்கான நீலத் திரைகள். ஓரம் மடித்து விறுவிறுவென்று ஓட்டிக்கொண்டே போனவள், குழாயையும் மடிப்புக்குள் சேர்த்துத் தைத்துவிட்டாள். தையல் நேர்த்தியாக விழுந்திருந்தது. முடித்த பெருமையில் எழுந்து இரண்டு எட்டு நடந்தாள். திரையும் கூடவே வந்தது. வயிற்றில் சுரீரென்று பட்டதும்தான் விஷயம் புரிந்தது. ஒட்டுநாடாவும் தோலும் கொஞ்சம் ரத்தமுமாக ஊசிமுனை பிய்ந்து வந்து நீலத் துணியில் தொங்கியது. வலியில் கண்ணீர் வந்தது, பார்த்த காட்சியில் சிரிப்பும் வந்தது. மறுநாளே மருத்துவமனைக்குப் போனாள்.

"குழாயே இல்லாத பம்ப் இருக்கும்மா," என்றாள் அங்கிருந்த நர்ஸ். உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் குமிழை வைத்துக் காட்டினாள். "மருந்து இதுக்குள்ளயே இருக்கும். கையில அப்படியே ஒட்டிக்கலாம். மூணு நாளைக்கு ஒருக்கா புதுசு மாத்தணும். நாள் பூரா அதுவே கொஞ்சம் கொஞ்சமா மருந்து விடும். சாப்பிடும்போது மட்டும் தனியா இருக்கிற இந்தக் கைக்கருவியில அளவு போட்டு அழுத்தணும். குளிக்கலாம், நீந்தலாம்…"

"நீந்தவா? நான் வாளியைத் தாண்டித் தண்ணியைப் பாத்ததில்ல!"

"ஒரு மாசம் போட்டுப் பாருங்க. ஒத்துவரலன்னா பழைய குழாய்க்கே போயிடலாம்."

பழைய குழாய் என்றதும் அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. இதை ஒத்துவர வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவுகட்டினாள்.

மேல்கையில் ஒட்டியதும் 'டக் டக்' என்று ஏதோ எண்ணியது. எண்ணி முடித்துச் சுருக்கென்று குத்தியது. அவ்வளவுதான். வீட்டில் அதற்கு ஆமை என்று பெயர் விழுந்தது. முதல் இரண்டு நாள் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தேவையே இல்லாமல் கதவைத் திறந்தாள், மூடினாள். படுக்கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு பார்த்தாள்.

மூன்றாம் நாள் வேறொரு தொல்லை முளைத்தது. இடுப்பில் இருந்த பெட்டியை வேறு யாரும் தொட்டதில்லை. தொட வேண்டுமென்றால் அவள் சேலையையல்லவா விலக்க வேண்டும்! இந்தக் கருவியோ மேசைமேல் கிடந்தது. கையடக்கமாக, பொத்தான்களோடு. பார்த்தால் சாட்சாத் டிவி ரிமோட். தூக்கத்தில்கூட ரிமோட்டைக் கைவிடாத ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் இன்னொரு ரிமோட் நுழைந்தால் என்ன ஆகும்? கருவியைத் திறக்கும் ரகசிய எண்ணையே அவன்தான் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"எல்லாருக்கும் ஞாபகம் இருக்கணும்ல?" என்றான்.

எல்லோரும் என்றால் இன்னொருத்தியும் உண்டு. அவனுடைய அக்கா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, தம்பி வீட்டோடு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வேலை போனாலும் குரல் போகவில்லை. குளியலறை வாசலில் இரண்டு பேர் நின்றாலே, "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க!" என்பாள். தம்பி மனைவிக்குச் சர்க்கரை என்றதும், ஓய்வு கெட்டது போங்கள் என்று புது உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டாள். தையல்காரியின் கைப்பையில் இருந்த மிட்டாய்களை முதல் வேலையாகப் பறிமுதல் செய்தாள்.

"சர்க்கரைக்காரி பையில மிட்டாயா? யாரை ஏமாத்துற?"

"சர்க்கரை இறங்கினா அதான் அண்ணி உயிரைக் காப்பாத்தும்."

"எல்லா டிக்கெட் இல்லாத பயணியும் இப்படித்தாம்மா ஒரு கதை சொல்லுவாங்க."

தட்டு வைத்தால் போதும், "டிக்கெட் எடுத்தாச்சா?" என்ற குரல் வரும். மருந்து அழுத்தியாயிற்றா என்று அர்த்தம். "நானே எடுத்துக்கிறேன் அண்ணி," என்று வாயைத் திறப்பதற்குள் கருவி நாத்தனார் கையில் இருக்கும். இல்லையென்றால் கணவன் கையில். நல்ல மனசுதான் இரண்டு பேருக்கும். நல்ல மனசுக்காரர்களிடம் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் அவள் மென்று முழுங்கினாள்.

ஒரு காலை. பல் மருத்துவமனைக்குத் திரை மாட்டப் போக வேண்டும். கடைசி மடிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு கையும் துணியில். பக்கத்தில் ரொட்டியும் முட்டையும் ஆறுகின்றன. "நான் அழுத்திடவா?" என்று கேட்டான் கணவன். தலையை ஆட்டினாள். அளவைக் கேட்டு அழுத்திவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பினான். அவள் சாப்பிட்டுவிட்டு, கை கழுவ உள்ளே போய் வந்து, மறுபடி துணிமேல் குனிந்தாள். அப்போதுதான் நாத்தனார் வந்தாள். காலித் தட்டைப் பார்த்தாள். மேசைமேல் அனாதையாகக் கிடந்த கருவியைப் பார்த்தாள். ஓ, டிக்கெட் எடுக்காமலே ஒரு பயணம்! இயந்திரச் சத்தத்தில் கேட்பானேன் என்று, குனிந்திருந்தவளின் முதுகுப் பக்கம் நின்று, ரொட்டிக்கு எப்போதும் போடும் அதே அளவை அழுத்தினாள். கருவி ஏதோ எச்சரிக்கை காட்டியது. நாத்தனாரின் கண்ணாடி தலைமேல் இருந்தது, எழுத்து தெரியவில்லை. 'சரி' என்று தெரிந்த பொத்தானை மட்டும் அழுத்தினாள்.

பல் மருத்துவமனையில் தையல்காரி ஏணிமேல் நின்று வளையங்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். விரல் நடுங்கியது. நெற்றி வியர்த்தது. கம்பி இரண்டாகத் தெரிந்தது. சர்க்கரை இறங்குகிறது. அந்த அடையாளம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சட்டென்று இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து கருவியை எடுத்து மருந்தை நிறுத்தினாள். மிட்டாய்க்குக் கையை விட்டாள். நாத்தனாரின் பறிமுதலில் பை துப்புரவாகக் காலியாக இருந்தது.

"டாக்டர், சர்க்கரை இருக்கா? ஏதாவது இனிப்பு, சீக்கிரம்!"

"இனிப்பா?" பல் டாக்டர் பதறினார். "அதை ஒழிக்கத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்! சர்க்கரை இல்லாத சூயிங்கம் இருக்கு, தரட்டுமா?"

"அதை வச்சு நான் என்ன பண்ண, பல்லோட சாகவா?"

வரவேற்பு மேசைப் பெண் டாக்டரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துணிந்து கீழ் இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டர் தாடைகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு பெரிய சாக்லேட் கட்டிகளை எடுத்து நீட்டினாள். "எத்தனை நாளா இது இங்க இருக்கு?" என்றார் டாக்டர். "அப்புறம் திட்டுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் பழச்சாறு வாங்க ஓடினாள்.

நடுக்கம் அடங்கியதும் தையல்காரி கணவனைப் போனில் கூப்பிட்டாள். நான்தான் அழுத்தினேனே என்றான். வீட்டுக்குப் போன் போட்டாள். "நான்தான் எடுத்தேன். நான் கவனிக்கலன்னா நீ டிக்கெட் இல்லாமலே போயிருப்பே!" என்றது நாத்தனாரின் பெருமை பொங்கும் குரல். தையல்காரி போனை வைத்தாள். இரட்டை மருந்து தீரும்வரை சாறு குடித்துக்கொண்டு, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மீதித் திரையை டாக்டரே மாட்டினார், கோணலாக.

வீடு திரும்பினால், கணவன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அந்த ஆமையைக் கழட்டிக் குடுத்துடு. பழைய குழாயே தேவலை," என்றான்.

"நான் அன்னைக்கே சொன்னேன், கம்பி இல்லாத கரண்ட்டை நம்பாதேன்னு," என்றாள் நாத்தனார்.

மறுபடி குழாய். மறுபடி கதவுக் கைப்பிடி. இவர்கள் இரண்டு பேரும் அழுத்தியதற்கு நான் கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி, ஒரு சந்தேகம். உங்க சர்வீஸ்ல ஒரே ஆளுக்கு ரெண்டு டிக்கெட் கிழிச்சிருக்கீங்களா?"

நாத்தனார் சிலிர்த்துக்கொண்டாள். "யாரைப் பாத்து என்ன கேக்குற? நின்னுக்கிட்டே தூங்குற கூட்டத்துலகூட நான் தப்பு பண்ணினதில்ல!"

"இன்னைக்குக் கிழிச்சிட்டீங்க. ஒண்ணு உங்க தம்பி, ஒண்ணு நீங்க. பயணி நான் ஒருத்திதான்."

நாத்தனார் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

"இன்னொண்ணும் சொல்லுங்க. உங்க பைக்குள்ள டிரைவர் கை விட்டா விடுவீங்களா? உதவிதான் பண்றேன்னு சொன்னா?"

"கையை முறிச்சிருப்பேன்!" யோசிக்காமலே பதில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று நாத்தனாருக்குத் தெரிந்தது.

எழுந்து அறைக்குள் போனாள். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் அவளுடைய கண்டக்டர் தோல்பை. விளிம்பெல்லாம் தேய்ந்து, வார் மட்டும் உறுதியாக இருந்தது.

"இதுக்குள்ள என் கையைத் தவிர வேற கை போனதில்ல," என்றாள். "செக்கர்கூட வெளிய நின்னுதான் கேப்பான்." மேசையிலிருந்த கருவியைத் தொடாமல், பையின் வாயை மட்டும் விரித்துப் பிடித்தாள். "நீயே எடுத்துப் போடும்மா."

தையல்காரி போட்டாள். நாத்தனார் வாரை அவள் தோளில் குறுக்காக மாட்டி, இழுத்துப் பார்த்துச் சரிசெய்தாள். சரிசெய்த பிறகும் வாரை விடவில்லை. தம்பி மனைவி சாவுக்குப் பக்கத்தில் போய் வந்ததை அப்போதுதான் அந்தக் கை புரிந்துகொண்டது போலும். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, பறிமுதல் செய்த மிட்டாய்களைப் பைக்குள் கொட்டினாள்.

"எல்லாம் இருக்கா அண்ணி?"

"நாலு குறையும்," என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்தபடி. "நல்லாத்தான் இருந்துச்சு."

அன்றைக்கே தையல்காரி ரகசிய எண்ணை மாற்றினாள். புது எண் என்ன என்று கணவன் குழைந்து கேட்டான்.

"எனக்குச் சர்க்கரை இறங்கினா என்ன பண்ணுவீங்க?"

"மிட்டாய் குடுப்பேன், சாறு குடுப்பேன். நீ கண்ணு முழிக்கலன்னா வாயில ஒண்ணும் போடாம ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவேன்."

"அதுக்கெல்லாம் நம்பர் வேணாம்ல? அப்ப டிவி ரிமோட்டோட நிறுத்திக்கோங்க."

ஆமை தங்கிவிட்டது. தட்டு வைக்கும்போது நாத்தனார் இன்றைக்கும் "டிக்கெட்?" என்று கேட்கத்தான் செய்கிறாள். ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்கிறாள். தையல்காரி தோல்பையைத் தட்டிக் காட்டிவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்து போய்ச் சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். உங்கள் வீட்டில் பானை நிறைந்திருக்கட்டும், அவரவர் பை அவரவர் தோளில் கிடக்கட்டும். யாருக்காவது கை நடுங்கும் வேளையில், திட்டுக்குப் பயப்படாமல் இழுப்பறையைத் திறக்க ஒரு நல்ல ஜீவன் எப்போதும் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.