செவ்வாய்க்கிழமை புலி இருக்காது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது இரண்டே வாக்கியங்கள். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் மும்பையில், செம்பூர் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மாட்டுங்காவுக்குத் திரும்பப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சிக்னலில் ஒரு பள்ளிப் பேருந்து வந்து நின்றது. முன் ஜன்னலோரம், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இப்படிப்பட்டவர்களை இங்கே பிள்ளைகள் 'மௌசி' என்று கூப்பிடும். சித்தி என்று பொருள்.

"மௌசி, சுட்டி மே கிதர் ஜாயேகி?" என்று ஒரு குரல் கேட்டது. லீவுக்கு எங்கே போகப் போகிறாய்?

அவள் வாயைத் திறக்கும் முன்பே பேருந்து முழுவதும் ஒரே குரலில், "காவ்!" என்று கத்தியது. சொந்த ஊருக்கு! வருடா வருடம் அதே பதில்தான் போலிருக்கிறது. பிள்ளைகள் சிரித்தன. அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும் முன்பே, "நை. இஸ் பார் வாக் தேக்னே" என்றாள். இல்லை, இந்தத் தடவை புலி பார்க்க.

பிள்ளைகள் எல்லாம் இருக்கையைவிட்டு எழுந்து அவளை எட்டிப் பார்த்தன. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்: "ஏ முப்பிடாதி அம்மா, என்னத்தச் சொல்லித் தொலைச்சேன்!"

சிக்னல் பச்சையானது. பேருந்து போய்விட்டது.

அவள் போகிறாளா, சும்மா சொன்னாளா, தெரியாது. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும். பிள்ளைகள் கேட்கும். பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தை பொய்யாகிவிடக் கூடாதே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதை வேண்டுதல் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2

தொடக்கம் ஒன்று: 'குக்கர் விசில்களோடு தாராவி கண் விழித்தபோது—'

[விட்டுவிட்டேன். தாராவியைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அதை ஒருமுறை எழுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம்.]

தொடக்கம் இரண்டு: 'மாரீஸ்வரி வருடக்கணக்காகப் பயணப் பைகளுக்கு ஜிப் தைத்தாள். ஆனால் அவள் ஒரு பயணமும்—'

[அடித்துவிட்டேன். பை தைப்பவள் பயணம் போகாதவள் என்றால் கதை முதல் வரியிலேயே முடிந்துவிடும். தவிர, அவள் பேருந்தில் இருந்ததை நானே பார்த்தேன். கண்ணால் கண்டதை மாற்ற மனம் வரவில்லை.]

தொடக்கம் மூன்று, சாதாரணமானது: மாரீஸ்வரிக்குத் தாராவியில் வீடு. கணவர் சுயம்பு, டிராம்பேயில் ஒரு ஆலையில் ஃபிட்டர். ஒரே மகள் விஜயலட்சுமி* ஐரோலியில் வேலை பார்க்கிறாள். தாராவியின் திருநெல்வேலிக்காரர்களிடம் 'லீவுக்கு எங்கே போறீய?' என்று யாரும் கேட்பதில்லை. 'என்னைக்குப் போறீய?' என்றுதான் கேட்பார்கள். சித்திரையில் ஊரில் முப்பிடாதி அம்மன் கோயில் திருவிழா, கொடை என்பார்கள். லீவு என்றால் அதுதான். ரயிலில் இரண்டு பகல், கொடை வீட்டு அடுப்படியில் ஒரு வாரம், திரும்பவும் ரயில். அங்கே மாரீஸ்வரி அம்மனைப் பார்ப்பதைவிட அரிசிப் பானையைப் பார்ப்பதுதான் அதிகம். அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் பேருந்தில் ஒரு பிள்ளை சிங்கத்தைப் பார்த்தேன், ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தேன் என்று கதை சொல்லும்போது, பிள்ளைகளை இறக்கிவிட வேண்டிய நிறுத்தம் வந்ததைக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

* முதல் படியில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகக் கதையை இழுத்தார்கள். ஒருவரை எடுத்துவிட்டேன். இன்னொருவருக்கு வேலை வாங்கிக்கொடுத்து, லீவு கிடைக்காமல் செய்துவிட்டேன்.

3

அன்று மாலையே விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு இஜாஸுக்கு மொபைல் ரிப்பேர்க் கடை. உலகத்தில் எந்த ரயில் எங்கே போகிறது என்று பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. போவதில்லை, பார்ப்பதோடு சரி. மாரீஸ்வரி சொன்னதும் மே மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் வழியை வரைந்து தரையில் விரித்துவிட்டார்.

"மைனி, கேட்டுக்கிடுங்க. மொதல்ல நாகபுரி. பெரிய டவுனு, சுத்திப் பாக்கோம். அங்கேருந்து தடோபா, புலிக்காடு. அப்புறம் மேல்காட், சிக்கல்தரா மலை. அங்க ஒண்ணுமே கெடையாது. போன் சிக்னல்கூடக் கெடையாது. காடு, பள்ளத்தாக்கு, அவ்வளவுதான்."

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு எதுக்குப் போவணும்?" என்றார் சுயம்பு.

"எனக்கு அதுதான் வேணும்," என்றாள் மாரீஸ்வரி. "ஒரு நாளாவது என்ன கொழம்புன்னு எவரும் கேக்காத எடம்."

இஜாஸின் மனைவி நூர் நிஷா, "நாகபுரில தர்கா இருக்கு, ஆரஞ்சு பர்பி இருக்கு. நாங்களும் வாறோம்," என்றாள். காட்டுக்குள் போகிற ஜீப்பில் இடம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. இஜாஸ் ஏற்கெனவே நான்கு பேருக்குப் போட்டிருந்தார்.

சுயம்பு தாளைத் தன் பக்கம் திருப்பினார். நாகபுரியின் மேல் விரலை வைத்தார். "இங்கேருந்து தெக்க ரயில் உண்டும்லா?"

"உண்டும்."

"அப்பம் புலியப் பாத்துட்டு, அப்படியே ஊருக்கு எறங்கிட்டா கொடையையும்..."

"அண்ணாச்சி," என்றார் இஜாஸ், "ஒங்க கையில மேப்பக் குடுத்தா ஆப்பிரிக்காகூடத் திருநெவேலிலதான் போயி முடியும்."

நூர் நிஷா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். மாரீஸ்வரி சிரிக்கவில்லை. அடுப்படி இந்தத் தடவை ரயில் டிக்கெட்டுக்குள் ஒளிந்துகொண்டு வருவதை அவள் பார்த்துவிட்டாள்.

(இந்த இடத்தில் சுயம்பு மேல் எனக்கே கோபம் வந்தது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். கொடைக்குப் போகாத வருடம் கையில் அடிபடும், ஆலையில் ஏதாவது ஆகும் என்று நினைப்பவர். பக்தியும் பயமும் ஒரே வீட்டில் குடியிருந்தால் எது வாடகை தருகிறது என்று கண்டுபிடிப்பது சிரமம். என் வீட்டிலும் அப்படித்தான்.)

4

மறுநாள் இஜாஸ் சோர்ந்த முகத்தோடு வந்தார்.

"ஒரு சிக்கல். நாம காட்டுக்குப் போட்டிருக்கது செவ்வாக்கெழம. தடோபால செவ்வாக்கெழம அடைப்பு. புதனுக்குத் தள்ளிருவோம்."

இஜாஸுக்கு அது ஒரு நாள் தள்ளுகிற விஷயம். சுயம்புக்கு அப்படியில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். கொடையும் அதே செவ்வாய்க்கிழமைதான். அம்மன் கொடை என்றாலே செவ்வாய்தான்.

"பாத்தியளா? சரியா அன்னைக்கு அடைச்சிருக்கு. அம்மா சொல்லுதா, எங்கிட்ட வாராம எங்கடே போறன்னு. இதுக்கு மேலயும் போவணுமா?"

"அண்ணாச்சி, அது கவர்மென்டு வச்ச அடைப்பு."

"கவர்மென்டுக்கு யாரு சொன்னா?"

இஜாஸ் தாளை மடிக்கத் தொடங்கினார். வாசகரே, நானும் இங்கேதான் மாட்டிக்கொண்டேன். செவ்வாய் அடைப்பு நான் புனைந்ததில்லை. இஜாஸுக்காகக் காட்டின் நேரங்களைத் தேடப்போய்த் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் கதை நின்றுவிட்டது. மூன்று நாள் எழுதவில்லை. கடவுளை நம்புகிறவன் இந்த மாதிரி ஒற்றுமைகளைச் சட்டென்று தள்ளிவிட முடியாது.

இதற்கிடையில் பேருந்தில் பிள்ளைகள் மௌசிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தன. சிவப்புச் சேலை கூடாது. செண்ட் கூடாது. தும்மல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். மல்லிகைப்பூ வைக்கலாமா என்று மாரீஸ்வரி கேட்டாள். பேருந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து, பள்ளி வாசல்வரை சண்டை போட்டது. இறங்கும்போது ஒரு சின்னவள், "மௌசி, பக்கா ஜா ரஹி ஹை நா?" என்றாள். நிஜமாகப் போகிறாய்தானே?

"பக்கா," என்றாள் மாரீஸ்வரி. சொன்னபிறகு அன்று டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

5

இனி முப்பிடாதியம்மாள்.

அம்மன் இல்லை, அம்மனின் பெயர் வைத்த பெண். சுயம்புவின் அண்ணன் மனைவி, மாரீஸ்வரியின் ஓரகத்தி. ஊரில் இருக்கிறாள். கொடை வீட்டின் பொறுப்பெல்லாம் அவளுக்குத்தான். இவளை நான் வில்லியாக வைத்திருந்தேன். எழுதியும் பார்த்தேன்:

'போனில் முப்பிடாதியம்மாளின் குரல் கத்தி போல வந்தது. "பம்பாய்க்காரிக்குக் கொழுப்பு கூடிப்போச்சு. சாமியவிட ஒனக்கு—"'

[இங்கே நிறுத்திவிட்டேன். வருடா வருடம் இரண்டு பெண்கள் ஒரே அடுப்பின் புகையில் கண் கசக்கி நிற்கிறார்கள். அதில் ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றி இப்படித்தான் பேசுவாள் என்று எனக்கு யார் சொன்னது? கதைக்குத் தடை வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்ட பெண்ணைப் பிடித்து வழியில் நிறுத்திவிட்டேன். முருகா.]

திரும்ப எழுதினேன். சுயம்பு போனை ஸ்பீக்கரில் போட்டார். மதினி திட்டுவாள், தான் ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் போட்டார்.

"எட்டி மாரி, புலி பாக்கப் போறியாமே?"

"இல்லக்கா, சும்மா பேச்சுதான்..."

"என்ன சும்மா பேச்சு? ஒம் மவ எங்கிட்ட எல்லாஞ் சொல்லிட்டா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்ட்ட வாக்குக் குடுத்திருக்கியாம்லா."

சுயம்பு குறுக்கே புகுந்தார். "மைனி, நீங்களே சொல்லுங்க. கொடை அன்னைக்குன்னு பாத்துக் காட்ட அடைச்சிருக்காவ. சகுனமே சரியில்ல."

மறுமுனையில் தேங்காய் துருவுகிற ஓசை மட்டும் கேட்டது.

"ஏன் கொழுந்தனாரே, நம்ம கோயில்ல அம்மா எதும்மேல இருக்கா?"

"புலிமேல."

"கொடை அன்னைக்கு எங்க இருப்பா?"

"ஊர்லதான்."

"அப்பம் வாகனம் எங்க நிக்கும்? அவ இங்க வந்து எறங்கும்போது புலி மட்டும் அங்க காட்டுல நின்னுக்கிட்டு ஒங்களுக்குக் காட்சி குடுக்குமா? அதாம் அடைச்சுப் போட்டிருக்காவ. வெவரம் தெரிஞ்சவுக அவுக."

இஜாஸ் வாயைப் பொத்திக்கொண்டார். சுயம்பு நெற்றியைத் தடவினார். அவர் எங்கெங்கோ தேடினார், அந்தப் பேச்சில் ஒரு ஓட்டை கிடைக்கவில்லை. கடைசியில் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்:

"அப்பம் புதன்கெழம திரும்பிருமா, மைனி?"

"வந்துரும். கொடை பாத்த களைப்புல மெதுவாத்தான் நடக்கும். நல்லாப் பாக்கலாம்."

தாராவியில் அந்தச் சந்து முழுவதும் கேட்கும்படி சிரித்தார்கள். சுயம்பும் சிரித்தார். மாரீஸ்வரிக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, நீங்க ஒத்தையில எப்படி அவ்வளவு பேருக்கும்..."

"வச்சிருவேன் போ. ஒம் பேருக்கும் ஒரு பொங்கப்பானை சேத்து வைக்கேன். ஒண்ணு மட்டும் செய்யி. போட்டா அனுப்பாத, போட்டாவ நான் டிவில பாத்துக்கிடுதேன். நீ வந்து எனக்கு வாயால சொல்லணும். எந்தப் பக்கமா வந்துச்சு, எப்படிப் பாத்துச்சு, ஒனக்கு எப்படி இருந்துச்சு, எல்லாம். நான் எங்கட்டி போகப் போறேன்?"

கடைசி வாக்கியத்தை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அதை எழுதியபிறகு நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு ஆள் லீவில் போக, இன்னொரு ஆள் இரண்டு பானையைத் தூக்குகிறாள். உலகம் இப்படித்தான் நடக்கிறது. கோயில் சுவரில் இந்த உபயத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.

6

காலண்டர் தாளின் தேதிப் பக்கத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் காலியாக இருந்தது. காட்டு வாசலுக்கு வெளியே ஒரு கிராமத்தில் தங்க வேண்டும், செய்ய ஒன்றும் இல்லை. சுயம்பு பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் தானே எழுதினார்: 'பொங்கல். நான்.'

"நீங்களா?" என்றாள் மாரீஸ்வரி.

"ஏன், நான் வச்சாப் பொங்காதா? நீ அன்னைக்கு அடுப்புப் பக்கமே வரக்கூடாது. தள்ளி ஒக்காந்து பாரு."

"தீயணைப்பு வண்டிக்கும் சொல்லி வைக்கணும்," என்றார் இஜாஸ்.

மே மாதம் ஒரு மத்தியானம் தாதரில் ரயில் ஏறினார்கள். மாரீஸ்வரிக்கு ஜன்னல். பச்சைச் சேலை, செண்ட் இல்லை. மல்லிகைப்பூ பற்றிப் பேருந்தில் தீர்ப்பு வராததால் பூவை டப்பாவில் போட்டுக் கையில் வைத்திருந்தாள்.

கல்யாண் ஸ்டேஷன் வந்தது. அங்கேதான் தண்டவாளம் பிரிகிறது. வலப்பக்கம் திரும்பினால் புனே, அதற்கப்பால் தெற்கு, ஊர். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து ஊருக்கு அவள் ஏறிய ஒவ்வொரு ரயிலும் அங்கே வலப்பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது. ரயில் கிளம்பியதும் உடம்பு பழக்கத்தில் வலப்பக்கம் சாய்வதற்குத் தயாரானது. ரயில் இடப்பக்கம் வளைந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஊர் ரயில் போகிற தண்டவாளங்கள் வெயிலில் மின்னிக்கொண்டே விலகிப் போயின.

"ஏங்க," என்றாள், "எடது பக்கம் போவுது!"

அந்தப் பெட்டியில் எதிரே இருந்தவர்கள் ரயில் தப்பாகப் போகிறதோ என்று திடுக்கிட்டுப் பார்த்தார்கள். சுயம்பு அவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "வாக் தேக்னே."

7

புலியை நான் எழுதப் போவதில்லை.

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அது வருகிறது, நிற்கிறது, மாரீஸ்வரியைப் பார்க்கிறது. இன்னொன்றில் வரவில்லை. ஈர மண்ணில் கால்தடம் மட்டும், அதற்குள் இன்னும் நிரம்பி முடியாத தண்ணீர். மூன்றாவதில் சுயம்புவின் பொங்கல் அடிப்பிடித்து, அந்தப் புகை—

[இதை முடிக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.]

மூன்றும் எனக்குப் பிடித்தவை. அதனாலேயே மூன்றையும் விட்டுவிட்டேன். நான் கூப்பிட்ட நேரத்துக்கு வருவது என் புலி. மாரீஸ்வரி கேட்டது அதை இல்லை.

மீதியை உங்களிடம் தருகிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். காட்டுக்குள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் நீங்கள் எதை எழுதினாலும் ஊரில் ஒருத்திக்கு அதை வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவள் இரண்டு பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். புலி வராவிட்டாலும் பரவாயில்லை. சொல்வதைக் குறைத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஜூன். மழை தொடங்கியிருக்கும். செம்பூர்ப் பக்கம் போனால் அந்த நிறுத்தத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். மழைக்காக எல்லா ஜன்னலையும் சாத்தியிருப்பார்கள், முன் ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். உள்ளே அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் கேட்கும்: "மௌசி, வாக் திகா?" புலி கண்ணில் பட்டதா?

அவள் வாயைத் திறக்கிறாள். சிக்னல் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது.